ஹாலோ பாயிண்ட் தோட்டா சிக்குகிறது, வேறு எதை வாங்கலாம்? (அவசரம்)

கேட்டி_காவிரியான் | ஞாயிறு இரவு 10:42

அனைவருக்கும் வணக்கம். நேற்று ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) பயிற்சித் தோட்டா ஒரு பெட்டி முழுவதையும் சுட்டேன். ஒரு தடங்கலும் இல்லை. பிறகு, இடுப்பில் வைத்துக்கொள்வதற்கென்றே கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, உடலில் பட்டால் விரியும்) தோட்டாக்களைப் போட்டுச் சுட்டபோது 20-இல் மூன்று சிக்கிக்கொண்டன. ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வரும் வெள்ளிக்கிழமை முதல் எங்கள் கேஸ் ஸ்டேஷனை (பெட்ரோல் பங்க்) இரவில் நான் தனியாகப் பூட்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் வேறு தோட்டா வாங்கிவிட வேண்டும். நம்பகமான ஒன்றின் பெயரைச் சொன்னால் போதும்.

மாலதி_டாலஸ் | 10:58

எந்தத் துப்பாக்கி, எந்தக் காலிபர் (தோட்டாவின் குறுக்களவு), பேரல் (குழல்) எத்தனை அங்குலம், தோட்டா எத்தனை கிரெய்ன் (எடை அளவு) என்பவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. சிக்கியது என்றால் எப்படிச் சிக்கியது? தோட்டா சேம்பருக்குள் (பேரலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறைக்குள்) ஏறாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றதா, சுட்ட கூடு வெளியே விழாமல் ஸ்லைடில் (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தில்) மாட்டிக்கொண்டதா, அல்லது விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? மூன்றும் வெவ்வேறு நோய்கள். நோய் தெரியாமல் மருந்தின் பெயரைக் கேட்கிறீர்கள்.

நாற்பத்தைந்து_நாயகன் | 11:05

துப்பாக்கியைப் பார்க்காமலே சொல்கிறேன், அது 9 எம்எம் ஆகத்தான் இருக்கும். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகளுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றிப் படித்துப் பாருங்கள். பிளாட் என்ற கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 எம்எம் தோட்டா, இதயத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். பாயிண்ட் 45 (0.45 அங்குலக் காலிபர்) வாங்கிக்கொள்ளுங்கள். முனை விரியாமல் போனாலும் அது பிறக்கும்போதே பெரிய தோட்டா.

ஜெல்_ஜெயம் | 11:31

நாயகன் அவர்களே, அந்தச் சண்டையிலிருந்து எஃப்பிஐ கற்றுக்கொண்டது தோட்டாவின் பருமனைப் பற்றிய பாடம் அன்று, அது போய்ச் சேரும் ஆழத்தைப் பற்றிய பாடம். எதிரே நிற்பவன் நம் வசதிக்காக மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கமாட்டான். பக்கவாட்டில் திரும்பியிருப்பான், கையை நீட்டியிருப்பான். அந்தக் கையையும் கடந்து உள்ளே போகவேண்டும் என்பதால்தான், உடல் தசைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் 10 சதவீத ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம் என்றும், முதுகு வழியாக வெளியேறிப் பின்னால் இருப்பவர்மேல் படக்கூடாது என்பதால் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்றும் அளவு வைத்தார்கள். அவர்கள் 10 எம்எம்முக்குப் போய், பாயிண்ட் 40-க்கும் போய், கடைசியில் 9 எம்எம்முக்கே திரும்பிவிட்டார்கள் என்பதையும் நீங்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கேட்டவருக்கு: நீங்களே ஜெல் தயாரித்துச் சோதித்துப் பார்க்கலாம். எடையில் ஒரு பங்கு ஜெலட்டினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக் கரைத்து, 4 டிகிரி செல்சியஸில் உறைய வைத்து, அது சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க பாயிண்ட் 177 எஃகுக் குண்டை நொடிக்கு 590 அடி வேகத்தில் சுடவேண்டும். குண்டு சுமார் 8.5 சென்டிமீட்டர் போய் நின்றால் பதம் சரி. பிறகு முன்னால் நான்கு அடுக்கு ஜீன்ஸ் துணியைத் தொங்கவிட்டுச் சுடுங்கள். துணி குழிக்குள் அடைத்துக்கொண்டால் ஹாலோ பாயிண்ட் விரியாமல் சாதாரணத் தோட்டாவைப் போல நேராகத் துளைத்துப் போய்விடும். மட்டமான தோட்டாவின் சாயம் அங்கேதான் வெளுக்கும். நான் முதல் முறை செய்தபோது ஃபிரிட்ஜில் இருந்த பாளத்தைப் பார்த்த என் மாமியார், ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த கடற்பாசி என்று நினைத்துத் துண்டு போடக் கத்தியுடன் நின்றார்.

ரேஞ்ச்_ராவணன் | திங்கள் காலை 6:15

இந்தக் கேள்விக்கு இதற்கு முன் குறைந்தது இருபது முறையாவது பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. 1998 முதல் சுட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி, தோட்டாவில் குறை இல்லை, உங்கள் மணிக்கட்டில்தான் குறை. சிறிய துப்பாக்கியைத் தளர்வாகப் பிடித்தால் பின்னுதைப்பின் விசை கையிலேயே கரைந்துபோய், ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகாமலே திரும்பி வரும். அடுத்த தோட்டா பாதி வழியில் நிற்கும். சோறு குழைந்ததற்குக் குக்கரை மாற்றுகிறவர்களை என்ன சொல்வது?

கேட்டி_காவிரியான் | 7:02

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. 9 எம்எம்தான். சிறியது, பேரல் மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகம். பயிற்சித் தோட்டாவும் ஹாலோ பாயிண்டும் 115 கிரெய்ன். மூன்று முறையும் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஜெல் காய்ச்ச எனக்கு நேரமில்லை. எந்தத் தோட்டா வாங்குவது?

விசா_வேதாந்தி | 7:20

தோட்டாவுக்கு முன் வேறொன்றைக் கேட்கவேண்டும். நீங்கள் எச்1பி போன்ற விசாவில் இருக்கிறீர்களா, கிரீன் கார்டா, குடியுரிமையா? குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பியவருக்கு உரிமமே தேவையில்லை என்று கேள்விப்பட்டுத் துள்ளிக் குதிக்கும் நம்மவர்கள், தகுதி உள்ளவருக்குத்தான் அந்தச் சலுகை என்பதைக் கவனிப்பதில்லை.

கேட்டி_காவிரியான் | 7:24

கிரீன் கார்டு. கேட்டதற்கு நன்றி.

பழைய_பேப்பர் | 8:10

விரியும் தோட்டாவைச் சர்வதேசச் சட்டமே தடை செய்திருக்கிறது என்று படித்திருக்கிறேன். நம் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம்மில் வெள்ளைக்காரன் செய்த தோட்டாதானே இது? உலகமே வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கேஸ் ஸ்டேஷன் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பதிலாகக் கல்லாவில் பணத்தைக் குறைத்து வைக்கலாம்.

ஜெல்_ஜெயம் | 8:33

கல்லாவைப் பற்றி நீங்கள் சொன்னது நல்ல யோசனை. சட்டத்தைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. 1899-இல் ஹேக் மாநாட்டில் வெளியான பிரகடனம், நாடுகளுக்கிடையே நடக்கும் போரைப் பற்றியது. ஊருக்குள் காவலர்களும் தற்காப்புக்கு வைத்திருப்பவர்களும் ஹாலோ பாயிண்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே, அது உடலுக்குள் விரிந்து அங்கேயே நின்றுவிடும், பின்னால் நிற்கும் அப்பாவிவரை போகாது என்பதுதான். டம்டம் தோட்டாவில் முனையின் ஈயத்தை உறையிடாமல் விட்டார்கள், குழி கிடையாது. ஆனால் ஒன்று, நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹாலோ பாயிண்டை வெளியே எடுத்துச் செல்வதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. அங்கிருந்து இதைப் படிப்பவர்கள் டெக்சஸ்காரர்களைப் பார்த்து நடக்கவேண்டாம்.

நாற்பத்தைந்து_நாயகன் | 8:41

விரியாத நாளில் 9 எம்எம் என்ன செய்யும் என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஜெல்_ஜெயம் | 8:44

விரியாத நாளில் பாயிண்ட் 45 என்ன செய்யுமோ அதைத்தான் செய்யும், மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில். குறி தவறினால் இரண்டும் சுவரைத்தான் துளைக்கும்.

ரேஞ்ச்_ராவணன் | 8:50

இருவரும் 1986-ஐ விட்டுவிட்டு நிகழ்காலத்துக்கு வாருங்கள். உங்கள் ஜெல் பாளம் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சுடுவதில்லை ஜெயம்.

மாலதி_டாலஸ் | மாலை 5:47

வேலை முடிந்து வந்து பார்த்தால் கல்கத்தாவரை போய்த் திரும்பியிருக்கிறீர்கள். கேட்டவரின் சிக்கலுக்கு வருகிறேன்.

மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது என்பது முக்கியமான தகவல். மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியிலிருந்து) மேலே வரும் தோட்டா, பேரலின் பின்வாயில் இருக்கும் சரிவில் ஏறித்தான் சேம்பருக்குள் போகிறது. பயிற்சித் தோட்டாவின் முனை உருண்டையாக வழுவழுப்பாக இருப்பதால், கோணம் கொஞ்சம் தவறினாலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஹாலோ பாயிண்டின் முனை வெட்டிவிட்டதைப் போலத் தட்டையாக, விளிம்புடன் இருக்கும். அந்த விளிம்பு சரிவிலோ சேம்பரின் மேல் ஓரத்திலோ முட்டினால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே, பயிற்சித் தோட்டாவில் நீங்கள் பார்க்காத குறையை ஹாலோ பாயிண்ட் காட்டிக்கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை தோட்டாவில் இருக்கலாம், ராவணன் ஐயா சொல்வதைப் போலப் பிடியில் இருக்கலாம், மேகசினிலும் இருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, மேகசினின் வாய் உதடுகள் தோட்டாவைத் தேவைக்கு முன்பே விட்டுவிட்டாலோ, இதே மாதிரிதான் மூக்கு மேலே தூக்கும்.

எனவே புதிய தோட்டா வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்களிடம் எத்தனை மேகசின் இருக்கிறது? ஒவ்வொன்றின் அடியிலும் மார்க்கர் பேனாவால் 1, 2 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கியைத் துடைத்து, கையேட்டில் காட்டிய இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிறகு எண் வாரியாகச் சுட்டு, எது எப்போது சிக்குகிறது என்பதைத் தாளில் குறியுங்கள். முதல் தோட்டாவிலா, கடைசித் தோட்டாவிலா என்பதும் முக்கியம். அதே மேகசினை ரேஞ்சில் இருக்கும் பயிற்சியாளரிடம் கொடுத்து ஐந்து சுடச் சொல்லுங்கள். அவரிடமும் சிக்கினால் உங்கள் மணிக்கட்டுக்கு விடுதலை.

தோட்டாவின் பெயரைத்தான் கேட்டீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்ட் டாட் இரண்டும் காவல் துறைகள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துபவை. கோல்ட் டாட்டில் குட்டைப் பேரலுக்கென்றே ஒரு வகை இருக்கிறது. மூன்று அங்குலப் பேரலில் தோட்டாவின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் விரிவதும் சந்தேகம் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். ஹார்னடியின் கிரிட்டிக்கல் டிஃபென்ஸ் குழியில் மென்மையான பாலிமரை அடைத்து வருகிறது. துணி உள்ளே புகாது. இந்த மூன்றில் எது உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதோ, அதுதான் உங்களுக்கு நல்ல தோட்டா. ஜெல்லில் ஒரு அங்குலம் கூடுதலாகப் போகிறது என்பதற்காக, சிக்குகிற தோட்டாவை யாரும் இடுப்பில் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. வீட்டில் குழந்தைகள் இருப்பதால் தினமும் இரவில் சேம்பரைக் காலி செய்து, மறுநாள் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் முனை சரிவில் இடிபட்டு, தோட்டாவின் தலை கூட்டுக்குள் இம்மி இம்மியாக அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். என் கணவரின் தோட்டா ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்த புதிய தோட்டாவுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசையில் நிறுத்திப் பார்த்தோம். கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது, ஒரு நகக்கீற்று அளவு குட்டையாகிவிட்டிருந்தது. அதை அன்றைக்கே ஒதுக்கிவிட்டோம். துப்பாக்கியை எப்போதும் பெட்டகத்தில் பூட்டுங்கள். பூட்டாமல் அலட்சியமாக வைத்த, தோட்டா ஏற்றிய துப்பாக்கி 17 வயதுக்குக் குறைந்த குழந்தையின் கைக்குக் கிடைத்தால், அது டெக்சஸில் வைத்தவரின் குற்றம்.

ரேஞ்ச்_ராவணன் | 6:30

நான் இரண்டு வரியில் சொன்னதை இந்த அம்மா இரண்டு பக்கத்தில் சொல்லியிருக்கிறார். 200 தோட்டா சிக்காமல் சுட்டால்தான் நம்பலாம் என்ற பழைய விதியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மாலதி_டாலஸ் | 6:41

200 ஹாலோ பாயிண்ட் வாங்குவதற்கு ஆகும் செலவில் பாதியைப் பயிற்சி வகுப்புக்குக் கொடுத்தால் அவருக்கு அதிகப் பயன் கிடைக்கும் என்பதால் விட்டேன். பயிற்சித் தோட்டாவில் நூற்றுக்கணக்கில் சுட்டு, தேர்ந்தெடுத்த ஹாலோ பாயிண்டில் ஐம்பதாவது தடங்கலின்றி ஓடினால் எனக்குப் போதும். உங்களுக்கு 200 வேண்டுமென்றால் சுடுங்கள் ஐயா, யாரும் தடுக்கவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு வரியில் மேகசின் என்ற சொல்லே இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கேட்டி_காவிரியான் | 9:15

மேகசின் இரண்டு. ஒன்று துப்பாக்கியுடன் வந்தது. இன்னொன்று இணையத்தில் மலிவாகக் கிடைத்த வேறு நிறுவனத்தினுடையது. இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டுமா?

மாலதி_டாலஸ் | 9:17

ஆம்.

கேட்டி_காவிரியான் | வியாழன் இரவு 11:20

இன்று ரேஞ்சுக்குப் போனேன். மலிவான மேகசினில் முதல் பத்திலேயே இரண்டு சிக்கின. பயிற்சியாளர் சுட்டபோதும் ஒன்று சிக்கியது. துப்பாக்கியுடன் வந்ததில் அதே தோட்டா 60 சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. மலிவானதைக் குப்பையில் போட்டுவிட்டேன். தோட்டாவை மாற்றவில்லை. மாலதி அக்காவுக்கு நன்றி. நாளை கடை.

ரேஞ்ச்_ராவணன் | வெள்ளி காலை 6:05

பயிற்சியாளரின் பிடியும் தளர்வாக இருந்திருக்கலாம்.

ஜெல்_ஜெயம் | 7:48

மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தோட்டா எந்த நிறுவனத்தினுடையது என்பதை நீங்கள் கடைசிவரை சொல்லவில்லையே? மூன்று அங்குலப் பேரலில் 115 கிரெய்ன் எத்தனை அங்குலம் போகிறது என்று நான்கு அடுக்கு ஜீன்ஸ் போட்டுச் சுட்டுப் பார்க்கிறேன். ஃபிரிட்ஜில் இடம் இருக்கிறது.