சீனர்களுக்கு ‘டவுட்’ என்ற சொல்லை எப்படி விளக்குவது?

கேள்வி (சத்துவாச்சாரி ஆசிரியை):

வணக்கம். ராணிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு காலணி ஆலைக்குச் சோல் ஒட்டும் இயந்திரங்களைப் பொருத்த வந்திருக்கும் மூன்று சீனர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இலக்கணம் ஓரளவு நன்றாகவே வருகிறது. தயக்கத்தையும் ஐயத்தையும் சொல்லும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சென்ற வாரம், சோல் பிரிந்து வந்த ஜோடிகளைப் பார்த்துவிட்டு அவர்களில் ஒருவர் ‘ஐ டவுட் த க்ளூ இஸ் ஓல்ட்’ என்று மின்னஞ்சல் எழுதினார். பசை பழையதாகிவிட்டது போலிருக்கிறது என்பது அவர் கருத்து. எனக்கும் மேற்பார்வையாளருக்கும் அப்படியேதான் புரிந்தது. ஆனால் இத்தாலியில் இருக்கும் தர ஆய்வாளரோ, பசையில் குறையில்லை என்று எடுத்துக்கொண்டு, ஒட்டுவதற்கு முன் தோலைச் சரியாகச் சுரண்டினீர்களா என்று கேள்விமேல் கேள்வி அனுப்ப, இரண்டு நாள் வீணாயிற்று. இதை எப்படி விளக்குவது? ‘ஹெஸிடேட்’, ‘ரிலக்டன்ட்’ இரண்டையும் ‘தயக்கம்’ என்றே நான் புரிந்து வைத்திருப்பதால் அங்கும் தடுமாறுகிறேன். போதாததற்கு, எந்த வாக்கியமானாலும் அவர்கள் ‘மேபீ’ என்றே தொடங்குகிறார்கள்.

பதில் 1 (குடியாத்தம், சில காலம் சீன மொழி கற்றவர்):

அம்மா, சீனத்தில் ‘ஹுவாய்யி’ என்ற ஒரே வினைச்சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒருவர் பேச்சை ‘ஹுவாய்யி’ செய்தால் அதை நம்பவில்லை என்று பொருள். அதன்பின் முழு வாக்கியம் வந்தால், பெரும்பாலும் ‘இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்’ என்று பொருள். நம் ‘சந்தேகம்’ என்ற சொல்லும் இப்படித்தான், ஆனால் நமக்கு விகுதி கைகொடுக்கிறது. ‘அவன் எடுத்திருப்பான் என்று சந்தேகம்’ என்பதற்கும் ‘அவன் எடுத்திருப்பானா என்பது சந்தேகம்’ என்பதற்கும் எவ்வளவு தூரம்! ஆங்கிலம் முதலாவதற்கு ‘சஸ்பெக்ட்’ என்றும் இரண்டாவதற்கு ‘டவுட்’ என்றும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. நம் ஊர் ஆங்கிலத்திலும் இரண்டிற்கும் ‘டவுட்’ போடுகிற வழக்கம் உண்டு என்பதால்தான் அவர் எழுதிய தவறு உங்களுக்குத் தவறாகவே படவில்லை. எழுதி முடித்ததும் ‘டவுட்’டை எடுத்துவிட்டு ‘ஐ டோன்ட் திங்க்’ என்று வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்; பொருள் தலைகீழானால் அங்கே வரவேண்டியது ‘சஸ்பெக்ட்’.

பதில் 2 (ஆம்பூர், ஏற்றுமதிப் பிரிவில் பணிபுரிபவர்):

‘ஹெஸிடேட்’ விஷயத்தில் சிக்கல் உங்களுடையதே தவிர அவர்களுடையது அன்று என்பது என் எண்ணம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அழுத்தும் இயந்திரத்தின் மூடி திறந்திருக்கையில் கை ஒரு கணம் நின்று பிறகு நீள்கிறதே, அது ‘ஹெஸிடேட்’. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டால் மனமில்லாமல் வந்து நிற்கிறாரே, அவர் ‘ரிலக்டன்ட்’. முதலாவதற்கு ‘யோயூ’ என்றும் இரண்டாவதற்கு, விருப்பமில்லை என்ற பொருளில், ‘பு யுவான்யி’ என்றும் சீனத்தில் வேறுவேறு சொற்கள் உள்ளன. ‘தயக்கம்’ என்ற ஒரே பாத்திரத்தில் இரண்டையும் ஊற்றிக் கொடுக்காமல் நேரே சீனச் சொல்லோடு இணைத்துவிட்டால் போதும்.

‘மேபீ’ சற்று ஆழமான சங்கதி. சீனத்தில் வாக்கியத்தின் கடைசியில் ‘பா’ என்று ஓர் அசையைச் சேர்த்தால் அது ஊகமாகிவிடும். நாம் ‘வந்துவிட்டார்’ என்பதை ‘வந்திருப்பார்’ என்று மாற்றுவது போல. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொள்ளும் அசை இல்லாததால் அவர்கள் முன்னால் ஒரு ‘மேபீ’யைத் தூக்கி வைக்கிறார்கள். அதன் உறுதி மிகக் குறைவு. எங்கள் ஆலையில் ஒருவர், மோட்டார் கருகிய வாடையை முகர்ந்த பிறகும் ‘மேபீ த மோட்டார் இஸ் பர்ன்ட்’ என்றே எழுதினார். படித்தவர் அதை வெறும் யூகம் என்று ஒதுக்கிவிட்டார். அங்கே ‘மஸ்ட் பீ’ வரவேண்டும். முகராமல் அனுபவத்தில் சொன்னால் ‘ப்ராபப்ளி’. இரண்டும் இல்லாதபோது ‘மேபீ’. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்பதற்கு நீங்கள் மெனக்கெட வேண்டாம். அவர்களுடைய ‘கோங்பா’விலும் அச்சம் என்ற பொருளே உள்ளிருப்பதால் தானாகப் பொருந்திவிடும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ‘ஐ டோன்ட் திங்க்’ சோதனையை நேற்றே செய்து பார்த்தோம். மின்னஞ்சல் எழுதியவர் தம் பழைய வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவர் கேட்டதுதான் என்னை வாயடைக்க வைத்தது. பயிற்சியின்போது நம் தொழிலாளர்கள் எழுந்து ‘சார், ஐ ஹேவ் எ டவுட்’ என்பதையெல்லாம், தாம் சொல்வதை நம்பவில்லை என்றே அவர் இத்தனை நாளும் எண்ணியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கையேட்டை எடுத்து வந்து பக்கத்தைத் திறந்து ஆதாரம் காட்டினாராம்.