வீட்டில் படித்த மகளை அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கலாமா?

காட்பாடி அம்மா:
என் மகளுக்குப் போன மாதம் 11 வயது முடிந்தது. இதுவரை ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை, நானும் அவள் அப்பாவும்தான் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தோம். நன்றாக வாசிப்பாள், காய்கறிக் கடையில் மீதி எவ்வளவு என்று கடைக்காரருக்கு முன்னால் சொல்லிவிடுவாள். ஆனால் கொஞ்ச நாளாக, சாயங்காலம் பிள்ளைகள் பையோடு திரும்பும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றுகொள்கிறாள். ஜூனில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். டி.சி. கிடையாது. யாராவது இப்படிச் சேர்த்திருக்கிறீர்களா?

பாலாற்றங்கரை:
அவசரப்படாதீர்கள் அக்கா. என் பையனை எட்டு வயதில் சேர்த்து, ஆறே மாதத்தில் நிறுத்திவிட்டேன். எதைச் சொன்னாலும் ஏன், எப்படி என்று கேட்கிற பிள்ளை. வகுப்பில் அதிகப்பிரசங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தீபாவளி லீவு முடிந்தபோது வீட்டில்கூடக் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 14 வயதானால் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம், வீட்டில் படித்தே பத்தாவது எழுதலாம், அப்புறம் எதற்கு இந்தப் பாடு?

அணைக்கட்டு டீச்சர்:
டி.சி. இல்லை என்று பயப்படாதீங்க அம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, பள்ளிக்கே வராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கிய பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் எடுத்துப் போங்க. இன்னொன்று, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் பார்க்கின்றன. எட்டாவதில் சேர்த்தால் சிக்கல், சேர்ப்பதானால் இந்த வருடமே சேருங்க.

பாலாற்றங்கரை:
டீச்சர், மன்னிக்கவும், ஆயிரம் ரூபாய்க்காகவா பிள்ளையை அனுப்புவது? நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் அவள் கேள்விக்கு யார் நின்று பதில் சொல்வார்கள்?

குடியாத்தம் அப்பா:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதிதான். நானும் மகளை ஆறாவதில்தான் சேர்த்தேன். முதல் பள்ளியில் டி.சி. கேட்டு மூன்று நாள் அலைய விட்டார்கள், வேறு பள்ளியில் அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். பாடம் பிரச்சினையே இல்லை, எழுத்துதான். கரும்பலகையில் இருப்பதை இவள் பாதி எழுதுவதற்குள் அழித்துவிடுவார்கள், அழுதுகொண்டே வருவாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண், பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை, தினமும் சத்துணவு சாப்பிட்டு முடித்ததும் தன் நோட்டை நீட்டி, விட்டதை எழுதிக்கொள்ளச் சொல்வாளாம். அந்தச் சிநேகிதத்தை நான் வீட்டில் எங்கிருந்து கொண்டுவந்து கொடுக்க முடியும்? அக்கா, இப்போதிருந்தே தினம் ஒரு பக்கம் பார்த்து எழுத வையுங்கள்.

காட்பாடி அம்மா:
நேற்று அவளிடமே கேட்டேன். "டிபன் பாக்ஸ் வாங்கித் தருவியாம்மா?" என்றாள். சேர்க்கத்தான் போகிறேன். தம்பி, உங்கள் பையன் இப்போது கேள்வி கேட்கிறானா?

பாலாற்றங்கரை:
இப்போதுதான் மறுபடி ஆரம்பித்திருக்கிறான் அக்கா. நேற்று பாலாற்றுப் பாலத்தில் போகும்போது, இவ்வளவு பெரிய ஆற்றில் ஏன் தண்ணீரே இல்லை என்று பிடித்துக்கொண்டான், வீடு வரும்வரை விடவில்லை. நீங்கள் சேருங்கள், ஆனால் சாயங்காலம் அவள் வந்ததும் மார்க்கைக் கேட்காமல், இன்றைக்கு என்ன கேட்டாய் என்று கேளுங்கள். நான் அதைச் செய்யத் தவறிவிட்டேன்.