நூலகச் சுவரில் பாயும் சேலையும்: எப்படி மாட்டலாம்?

ஆற்றங்கரை:
எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போன மாதம்தான் வெள்ளை அடித்தார்கள். நுழைந்ததும் எதிரே 12 அடிச் சுவர் ஒன்று வெறுமையாகக் கிடக்கிறது. திருநெல்வேலி–அம்பாசமுத்திரம் ரோட்டுக் கைவேலை இரண்டையும், அதாவது பத்தமடைக் கோரைப்பாயையும், செடி, பூ உருவங்களைப் புட்டாவாக நெய்த வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலையையும் வைத்து அங்கே ஏதாவது செய்யலாம் என்று வாசகர் வட்டத்தில் பேசியிருக்கிறோம். போட்டோ எடுத்து ஃபிளக்ஸில் அடித்தால் செலவு குறைவு என்கிறார் ஒருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்தமடையில் ஒரு அம்மா கோரையைக் குச்சி நுனியில் செருகி, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் விடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதைப் படமாக அடித்து ஒட்ட எப்படி மனசு வரும்? ஆனால் நிஜப் பாய் எத்தனை நாள் தாங்கும், பிள்ளைகள் பிடித்து இழுத்தால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாவுநூல்:
ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. நான் வீரவநல்லூரில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவள். 2023-ல் செடிபுட்டாவுக்குப் புவிசார் குறியீடு வந்தபோது எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. கையால் புட்டா போடுகிறவர் ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாக வண்ண நூலைப் பாவுக்குள் விட்டு எடுக்க வேண்டும், குறுக்கு நூலைச் சுமந்து தறியில் நாடா ஓடுகிற வேகம் அதில் கிடையாது. சேலையைத் திருப்பினால்தான் பூவின் முதுகில் அந்த நூல் போன வழி தெரியும். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்தால் அது போச்சு. அதனால் சேலையைச் சுவரில் வைக்காமல், மரக்கம்பில் கோத்து நடுக்கூடத்தில் தொங்கவிடுங்கள், இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்க்கட்டும். அப்புறம், நெசவாளரிடம் முழு விலை கொடுத்து வாங்குங்கள். நூலகத்துக்குத்தானே என்று இனாமாகக் கேட்டுவிடாதீர்கள்.

கோரைக்காடு:
பாய்க்கு ஈரம்தான் எமன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் அடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சுவருக்கும் பாய்க்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் சாயம் வெளுக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் தொடக்கூடாது என்று கயிறு மட்டும் கட்டாதீர்கள். பச்சைக் கோரை, காயவைத்த கோரை, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு மெலிசாகக் கீறிய கோரை, பருத்திப் பாவு, எல்லாவற்றையும் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டிவிடுங்கள். கடைசியில் முழம் அளவுக்குப் பட்டுப்பாய்த் துண்டு ஒன்று, அதாவது மெலிசான கோரையில் பட்டுப்போல நெய்த பாய். துணி மாதிரி மடியும் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது, மடித்துப் பார்த்தால்தான் நம்பும். நைந்துபோனால் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

பாளை வாசகர்:
தமிழாசிரியர் என்பதால் ஒன்று சொல்கிறேன். புத்தகத்துக்கு ‘நூல்’ என்று ஏன் பேர் வந்தது என்பதற்கு நன்னூல் பாயிரத்திலேயே ஒரு வெண்பா இருக்கிறது. சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கிற பெண், வாயே கை, புத்தியே நூல் நூற்கிற கதிர். ‘பஞ்சிதன் சொல்லா’ என்று தொடங்கும். நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது? ஓவியர் கையால் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கதிரையும் வையுங்கள். பாயும் சேலையும் நெய்தவர்களுடைய பெயர்களை, அவர்கள் சம்மதம் கேட்டு, நன்கொடையாளர் பெயருக்கு மேலே போடுங்கள்.

ஆற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. பாவுநூல் அக்கா, இனாம் கேட்கத்தான் இருந்தோம், நீங்கள் சொன்னது உறைத்தது. சேலை முழுசாக ஒன்று வாங்குகிறோம். பட்டுப்பாய் விலைக்குப் பணம் சேரும்வரை துண்டு மட்டும். சுவரில் துளை போட மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்தமடை போகிறேன், கூட வருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.