எம்ஆர்எஸ்ஏ மூட்டு: ரிஃபாம்பிசினை எந்த நாளில் தொடங்கினீர்கள்?

ஆர்த்தோ_தியேட்டர்
செயற்கை முழங்கால் மூட்டு வைத்து 18ஆம் நாள். தையலோரம் கசிவு, கல்ச்சரில் எம்ஆர்எஸ்ஏ (வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் பலவற்றுக்கு மசியாத ஸ்டாஃப் கிருமி). உலோகம் ஆடவில்லை, எடுக்காமல் கழுவலாம் என்று முடிவு. பாலியை (உலோகங்களுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் தட்டை) கழற்றினால் அடிப்பக்கத்தில் கஞ்சி ஆடை மாதிரி வழவழவென்று ஒரு கிருமிப் படலம். கழற்றாமல் கழுவியிருந்தால் அந்த இடத்துக்குத் தண்ணீரே போயிருக்காது. புது பாலி, 9 லிட்டர் சலைன், ஊசியில் வான்கோமைசின் ஆன்டிபயாடிக், எல்லாம் சரி. ஆனால் டிரெயின் (கசிவை வெளியேற்றும் குழாய்) இருக்கும்போதே, அன்று ராத்திரியே, அந்தப் படலத்துக்கான ரிஃபாம்பிசினும் எழுதியாகிவிட்டது. கழுவிய 12ஆம் நாள் மறுபடி திறந்தால் அதே கிருமி, ரிஃபாம்பிசினுக்கு மசியவில்லை.

லேப்_தட்டு
கிருமி வளர்க்கும் முதல் தட்டில் ரிஃபாம்பிசின் ஊறிய வில்லையைச் சுற்றி அகலமான வெற்று வட்டம் இருந்திருக்கும். இரண்டாவதில் கிருமி வில்லையின் விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும்; கோடிக்கணக்கில் கிருமி இருக்கும்போது அப்படி மாறியது ஒன்றிரண்டு ஏற்கெனவே உள்ளே இருக்கும். காயம் காய்ந்து, டிரெயின் எடுத்த பிறகுதான் ரிஃபாம்பிசின், அதுவும் தனியாக வேண்டவே வேண்டாம். கல்ச்சருக்கு ஸ்வாப் (பஞ்சுக்குச்சி) அனுப்பாதீர்கள். 5 திசுத்துண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி, தனி இடுக்கி. நம் ஊரில் டிபிக்கும் ஒரு துண்டு போகட்டும். டிபி மூட்டு என்று தெரியாமல், டிபிக்கும் கொடுக்கும் இந்த மருந்தைத் தொடங்கினால் வம்பு இரட்டிப்பு.

மருந்துக்கணக்கு
ரிஃபாம்பிசின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். கூட ஓடிய வான்கோமைசின் எவ்வளவு? ஆள் யாராக இருந்தாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம் என்று எழுதுகிறார்கள். 85 கிலோ ஆளுக்கு அது காணாது. கிலோவுக்கு 15–20 மி.கி., சிறுநீரகம் பார்த்து, ஏயூசி (ஒரு நாளில் ரத்தத்தில் மருந்து இருந்த மொத்தக் கணக்கு) 400–600. 1 கிராம் ஏற ஒரு மணி நேரமாவது ஆகட்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், அதை அலர்ஜி என்று எழுதி நல்ல மருந்தை நிறுத்திவிடுவார்கள். மாற்று மருந்தான லினிசோலிட் 2 வாரம் தாண்டினால் தட்டணு இறங்கும், வாராவாரம் எண்ணுங்கள். இன்னொரு மாற்றான டாப்டோமைசின் என்றால் சிபிகே (தசைச் சேதம் காட்டும் ரத்தப் பரிசோதனை). ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் ஐஎன்ஆர் (உறைய எவ்வளவு தாமதம் என்ற அளவு) சரியும். நிறுத்தினால் எகிறும், அதைத்தான் மறப்பார்கள்.

ஆர்த்தோ_தியேட்டர்
கேட்டதற்குப் பதில்: அடுத்த டோஸுக்கு முன் எடுத்த ரத்தத்தில் வான்கோமைசின் அளவு 9தான், குறைவு. ரிஃபாம்பிசின் கிட்டத்தட்டத் தனியாகத்தான் ஓடியிருக்கிறது.

வாரக்கணக்கு
ஆன்டிபயாடிக்கை 6 வாரத்தில் நிறுத்தலாம் என்பவர்களுக்கு: பிரான்சின் டாட்டிப்போ ஆய்வில் (2021) 6 வாரக்காரர்களில் 18.1%, 12 வாரக்காரர்களில் 9.4% பேருக்குத் தொற்று விடவில்லை. உலோகத்தை வைத்துக்கொண்டே கழுவியவர்களில் இடைவெளி இன்னும் பெரிது. அந்த மூட்டு என்ன ஆயிற்று?

ஆர்த்தோ_தியேட்டர்
எடுத்தாயிற்று. 40 கிராம் சிமெண்டில் 4 கிராம் வான்கோமைசின் பொடி கலந்து ஸ்பேசர் (புது மூட்டு வைக்கும்வரை இடத்தை நிரப்பும் தற்காலிகக் கட்டி). அவ்வளவு பொடி கலந்தால் சிமெண்ட் பலம் இழக்கும். புது மூட்டை ஒட்ட அந்தக் கலவை ஆகாது.