நேர்த்தொலைவு 400 கிலோமீட்டர்: பயணநேரம் அரை மணியா, ஒன்றேகால் மணியா?

கேள்வி:
இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவு 400 கிலோமீட்டர் என்றும் பறக்கும் நேரம் ஏறத்தாழ அரை மணி என்றும் ஓர் இணையக் கணிப்பான் காட்டுகிறது. பயணச்சீட்டிலோ 1 மணி 15 நிமிடம் என்று இருக்கிறது. அங்கே இறங்கி அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் வேகமாக நடக்க இயலாத என் தாயார். எந்தக் கணக்கை நம்பி இடைநேரம் ஒதுக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
பயணச்சீட்டில் உள்ளதையே நம்புங்கள். புவிப்பரப்பின் மீதான மிகக் குறுகிய வளைகோட்டுத் தொலைவை, பெரிய ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 830 கிலோமீட்டரால் வகுத்துத்தான் கணிப்பான் 29 நிமிடம் என்று சொல்லியிருக்கும். அந்த வேகம் உயரத்தில் சமமட்டமாகப் பறக்கும்போது மட்டுமே கிடைக்கும். 10,000 அடிக்குக் கீழே பல நாடுகளில் 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர், என்ற வரம்பு உண்டு. மேலும், ஆயிரம் அடி இறங்க 3 கடல் மைல் தேவை என்பது விமானிகளின் மனக்கணக்கு. 30,000 அடியிலிருந்து இறங்க 90 கடல் மைல், ஏறத்தாழ 167 கிலோமீட்டர், வேண்டும். ஏறுவதற்கும் இதே போன்ற தொலைவு செலவாகிவிட்டால், 400 கிலோமீட்டரில் முழுவேகத்துக்கு எஞ்சுவது சிறு துண்டுதான்.

மறுமொழி 2:
மேலே சொன்னது ஜெட்டுக்குப் பொருந்தும். சிறிய நிலையங்களுக்கு இடையே பெரும்பாலும் ஏடிஆர் 72 போன்ற, இறக்கையில் சுழலிகள் கொண்ட டர்போபிராப் விமானங்களே பறக்கின்றன; அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால் வெறும் வகுத்தலிலேயே 48 நிமிடம் வந்துவிடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் அது 55 நிமிடத்தை நெருங்கும். விமானம் காற்றை எதிர்த்தே மேலெழும்பும், காற்றை எதிர்த்தே தரையிறங்கும்; ஆகவே செல்ல வேண்டிய திசைக்கு நேர்மாறாகக் கிளம்பி, அரைவட்டம் அடித்துத் திரும்பும் நாள்களும் உண்டு.

மறுமொழி 3:
சீட்டில் அச்சிடப்படுவது சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அன்று. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரை உள்ள முழு நேரம் அது. இதை அறியாமல் நானும் ஒருமுறை நாற்பது நிமிட இடைவெளியை நம்பி, அடுத்த விமானத்தின் கதவு மூடப்பட்ட பின் போய் நின்றேன். உங்கள் தாயாருக்குச் சக்கர நாற்காலியை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவ்வாறு பதிவு செய்தவர்களை முதலில் ஏற்றினாலும் பொதுவாகக் கடைசியில்தான் இறக்குவார்கள் என்பதால், சீட்டில் உள்ள வருகை நேரத்துக்குப் பிறகும் கணிசமான நேரம் போகும். இரண்டு பயணங்களும் ஒரே முன்பதிவில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். தனித்தனிச் சீட்டுகளானால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறும்போது புதிய சீட்டு வாங்கும் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

கேட்டவர்:
சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஏடிஆர் விமானம்தான், முன்பதிவுகளும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. இரண்டாவது பயணத்தை மூன்று மணி நேரம் தள்ளி மாற்றிவிட்டேன், சக்கர நாற்காலியும் கேட்டுவிட்டேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.