உதவி: அரோவானாவும் விலாங்கும் ஒரே கிளையில் வருது, ட்ரீ தப்பா?

கெலுகோர்_பையன்: வணக்கம், அவசரம். குரோமோசோமில் ஜீன்கள் அடுத்தடுத்து நிக்கிற வரிசையை வச்சு மீன்களுக்கு ட்ரீ (பரிணாம உறவுப் படம்) போட்டேன். அரோவானாவும் விலாங்கும் ஒட்டிக்கிட்டு வருது. லெக்சர் நோட்டில் அரோவானாதான் முதல்ல பிரியும்னு இருக்கு. வியாழக்கிழமை சூப்பர்வைசரைப் பார்க்கணும். எங்கே தப்பு?

செந்தூல்_சேகர்: என்னென்ன மீன்? அசெம்ப்ளி (படிச்ச டி.என்.ஏ துண்டுகளைக் கோர்த்தது) முழு குரோமோசோம் அளவுக்கா, வெறும் கான்டிக்கா (இடைவெளி இல்லாம கோர்த்த துண்டு)? அவுட்குரூப், அதாவது ஒப்பிட வெளியிலிருந்து சேர்க்கிற இனம், எது? ஒன்னும் சொல்லாம கேட்டா ஜோசியம்தான் பார்க்கணும் தம்பி.

பட்டர்வொர்த்_பாலா: கான்டிக் பிரச்சினைதான், எழுதி வச்சுக்குங்க. கான்டிக் முடியுற இடத்தையெல்லாம் சாஃப்ட்வேர் "இங்கே வரிசை உடைஞ்சிருக்கு"ன்னு கணக்கு வச்சிடும்.

செலாயாங்_ராணி: குரோமோசோமை எண்ணினா போதுமே? அரோவானா 25 ஜோடி, ஜீப்ரா மீனும் 25, விலாங்கு 19. விலாங்குதான் வெளி ஆள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_பழசு: எண்ணிக்கையை வச்சு உறவு பார்த்தா விளங்கிடும்மா. இந்திய முன்ட்ஜாக் மானில் பெட்டைக்கு 6 குரோமோசோம், கடாவுக்கு 7. சீன முன்ட்ஜாக்குக்கு 46. ரெண்டும் ஒரே பேரினம். குரோமோசோம் ஒட்டும், உடையும். எந்த ஜீனுக்குப் பக்கத்தில் எது நிக்குதுங்கிறதுதான் சாட்சி. பேசிக் இதெல்லாம்.

செலாயாங்_ராணி: பேசிக் தெரிஞ்சவங்க மட்டும் பதில் போடணும்னா முதல்லயே போர்டு மாட்டி வைங்க அங்கிள்.

கெலுகோர்_பையன்: அரோவானா, விலாங்கு, ஜீப்ரா, மெடாக்கா. அவுட்குரூப் போடலை, நாலும் மீன்தானே.

பட்டர்வொர்த்_பாலா: அரோவானான்னா எது? புக்கிட் மேரா கோல்டனா, இந்தோனேசியா சிவப்பா?

செலாயாங்_ராணி: ட்ரீக்கு அது என்னத்துக்கு லா. எங்க மாமா தொட்டியில் ஒரு கோல்டன் இருக்கு, உடம்புக்குள்ளே அடையாளச் சிப் வச்சது.

பட்டர்வொர்த்_பாலா: சைட்டீஸ் (அருகிவரும் உயிரின வர்த்தக ஒப்பந்தம்) முதல் பட்டியல் மீன், சிப் இல்லாம வாங்கினா வம்பு. என்ன விலைக்கு வாங்கினாரு?

செந்தூல்_சேகர்: மீன் வியாபாரத்தை அப்புறம் வச்சுக்குங்க. தம்பி, இந்த நாலு மீனை மட்டும் வச்சா வேரில்லாத (யார் முதல்ல பிரிஞ்சதுன்னு காட்டாத) ட்ரீ ஒன்னுதான் வரும்: ஒரு பக்கம் விலாங்கும் அரோவானாவும், மறுபக்கம் ஜீப்ராவும் மெடாக்காவும். அரோவானா முதல்ல பிரிஞ்சாலும் விலாங்கு முதல்ல பிரிஞ்சாலும் ரெண்டும் சேர்ந்தே பிரிஞ்சாலும் படம் அதேதான். வேரை எங்கே வைக்கிறோம்கிறதுலதான் வித்தியாசம். உன் சாஃப்ட்வேர் வேரை நடுவில் வச்சிருக்கும், அதான் ரெண்டும் ஒட்டி வருது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_பழசு: அவுட்குரூப்பா ஸ்பாட்டட் கார் மீனைச் சேர். டெலியோஸ்ட், அதாவது உன் நாலு மீனும் சேர்ந்த கூட்டத்தோட மூதாதைக்கு சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன்னாடி மொத்த ஜீனோமும் (எல்லா டி.என்.ஏ-வும்) ரெட்டிப்பாச்சு; கார் அதுக்கு முன்னாடியே பிரிஞ்சது. அப்புறம் ஒவ்வொரு கிளையும் தன் இஷ்டத்துக்கு ஒரு நகலைத் தொலைச்சிருக்கு. ஒரு மீனில் முதல் நகல், இன்னொரு மீனில் ரெண்டாவது நகல்னு எடுத்து ஒப்பிட்டா, மீன் பிரிஞ்ச கதை வராது, ரெட்டிப்பான கதைதான் வரும். நகலைப் பிரிச்சறியவும் அக்கம்பக்க ஜீனைத்தான் பார்க்கணும்.

செந்தூல்_சேகர்: இன்னொன்னு, 2023 சயின்ஸ் இதழில் ஜீனோம் அமைப்பை வச்சே விலாங்குக் கூட்டமும் அரோவானாக் கூட்டமும் ஒரே கிளைன்னு காட்டியிருக்காங்க. எலோபோஸ்டியோக்ளோசோசெஃபாலான்னு பேரும் வச்சாச்சு. உன் நோட்டு பழசா இருக்கலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_பழசு: தப்பான வழியிலயும் சரியான விடை வரும். கார் மீனைச் சேர்த்து சாஃப்ட்வேரை ஓட்டிட்டுப் பேசு.

கெலுகோர்_பையன்: கார் மீன் சேர்த்தாச்சு. இப்பவும் சேர்ந்துதான் வருது. எல்லாம் குரோமோசோம் அளவு அசெம்ப்ளிதான். நன்றி அண்ணே.

பட்டர்வொர்த்_பாலா: போட்ஸ்ட்ராப் (கிளை எவ்வளவு உறுதின்னு காட்டுற மதிப்பு) எவ்வளவு வந்துச்சு? ஹலோ?