புதுப்பிப்பு: மாமாவின் நோக்கியா 6610 லாக் திறந்தாச்சு

லண்டனிலிருந்து மாமா கொண்டுவந்த நோக்கியா 6610 அங்குள்ள ஒரு நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கிறது, எந்த மென்பொருள் சரிவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, இப்போது ஏர்டெல் சிம் ஓடுகிறது!

6610 டிசிடி4 (நோக்கியாவின் ஒரு பழைய தலைமுறை) வகைப் போன். அதனால் பிளாஷிங் பாக்ஸ் (போனின் மென்பொருளை மாற்றும் கருவி), கேபிள் எதுவும் தேவைப்படவில்லை. ஐஎம்இஐ எண்ணையும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண், *#06# அடித்தால் வரும்) எந்த நாட்டு எந்த நெட்வொர்க்குக்குப் பூட்டியது என்பதையும் கொடுத்தால், இலவச கால்குலேட்டர் மென்பொருளே பூட்டைத் திறக்கும் 15 இலக்கக் கோடை (code) கணக்கிட்டுத் தந்துவிடுகிறது. பிறகு சிம் இல்லாமல் போனை ஆன் செய்து #pw+கோடு+1# என்று அடிக்க வேண்டும். நட்சத்திரப் பொத்தானை வேகமாக மூன்று முறை அழுத்தினால் பி (p), நான்கு முறை என்றால் டபிள்யூ (w), இரண்டு முறை என்றால் கூட்டல் குறி. நிதானமாக அடியுங்கள், ஏனென்றால் 5 முறை தவறினால் கீபேடில் கோடு அடிக்கும் வழியே அடைபட்டுவிடும், அதன்பின் கேபிள் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

தன் நோக்கியாவுக்கும் இப்படிக் கோடு கேட்ட தம்பிக்கு: உங்களுடையது டிசிடி4-க்குப் பின்னால் வந்த பிபி5 என்ற தலைமுறை. அதில் கோடு ஐஎம்இஐயிலிருந்து பிறப்பதில்லை, இந்தக் கால்குலேட்டர் உதவாது. பிபி5-இல் கடைசியாக வந்த எஸ்எல்3 என்ற பூட்டு இன்னும் கடினம், 20 இலக்கக் கோடைக் கிராபிக்ஸ் கார்டு வைத்து ஒவ்வொன்றாகத் தேடித்தான் பிடித்தார்கள். 'இலவச எஸ்எல்3 அன்லாக்' என்று வரும் எக்ஸ்இ (.exe) கோப்பைத் தயவுசெய்து இயக்காதீர்கள்.

அப்புறம், 6610-இல் ஜியோ சிம் போட்டுப் பார்க்க வேண்டாம், இது 2ஜியில் மட்டும் ஓடும் போன், ஜியோவில் 2ஜி கிடையாது.